டோக்கன் அக்காவும் முப்பது திரிகளும்

எங்கள் பல் மருத்துவமனைக்கு வருகிறவர்களுக்கு டாக்டரிடம் இருக்கும் பயத்தைவிட முன்னறையில் உட்கார்ந்திருக்கும் டோக்கன் அக்காவிடம்தான் பயம் அதிகம். டாக்டர் பிடுங்கினால் பல் மட்டும் போகும். அக்கா முறைத்தால் முறையே போய்விடும்.

வருகிறவர்களுக்கு டோக்கன் கொடுத்து உள்ளே அனுப்புவது அவருடைய வேலை. ஆனால் எண் வரிசைப்படியே அனுப்பிவிட்டால் அது அக்கா இல்லை. ஒருநாள் பல் சுத்தம் செய்துகொள்ள வந்த ஒருவர், கன்னம் வீங்கிப்போய் வந்த இன்னொருவரை அக்கா முதலில் உள்ளே விட்டதைப் பார்த்துக் கொதித்துப்போனார்.

“என் நம்பர் மூணு. அவர் நம்பர் ஒம்போது. இது என்னங்க நியாயம்?”

அக்கா தலையைக்கூட நிமிர்த்தவில்லை. “சார், உங்க பல்லு அரைமணி நேரத்துல எங்கேயும் ஓடிப்போகாது. அவருக்கு உயிர் போகுது. உக்காருங்க. அந்தப் பத்திரிகையில ஆறு வித்தியாசம் போட்டிருக்கான். அஞ்சை யாரோ கண்டுபிடிச்சு வட்டம் போட்டுட்டாங்க. ஆறாவதை நீங்க பாருங்க.”

அவர் முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தார். போகும்போது ஆறாவது வித்தியாசம் குடையின் பிடியில் இருப்பதாகச் சொல்லிவிட்டுத்தான் போனார்.

நான் உள்ளே டாக்டருக்கு உதவியாள். எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிப்பது, பஞ்சு எடுத்துக் கொடுப்பது, வாயைத் திறக்க மறுக்கிற குழந்தைகளுக்கு வேடிக்கை காட்டுவது எல்லாம் என் பாடு. மதியம் நானும் அக்காவும் பின்னறையில், கருவிகளைக் கொதிக்கவைக்கும் பெட்டிக்குப் பக்கத்தில், சாப்பாட்டு டப்பாவைத் திறப்போம். அங்கே நாளொரு தவணையாகக் கேட்டதையும், பிறகு நானே அந்த மன்றத்தில் சேர்ந்து கண்ணால் பார்த்ததையும்தான் சொல்லப்போகிறேன்.

மன்றம் என்றால் இணையத்தில் இருக்கிற ஒன்று. வீட்டில் எது பழுதானாலும் அங்கே போய்க் கேட்கலாம். கதவு உரசுகிறது, விசிறி ஆடுகிறது, சுவரில் ஈரம் ஏறுகிறது என்று யாராவது கேட்பார்கள். தெரிந்தவர்கள் பதில் சொல்வார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் அதன் கீழே வரும் பேச்சுக்கும் சேர்த்து ‘திரி’ என்று பெயர். உறுப்பினர்கள் யாரும் சொந்தப் பெயரில் எழுதுவதில்லை. மன்றத்தை ஆரம்பித்த ஒயரிங் காண்டிராக்டருக்குப் பெயர் ‘தாடி’. ஒரு பெயின்டர், ‘பெயின்ட் அண்ணன்’. அக்கா அங்கேயும் ‘டோக்கன்’தான்.

அக்கா அதில் சேர்ந்ததற்குச் சமையலறைக் குழாய்தான் காரணம். அது இரவும் பகலும் சொட்டிக்கொண்டே இருந்தது. வீட்டில் அவருடைய மாமனார் இருக்கிறார். தொழிற்பயிற்சிப் பள்ளியில் காலமெல்லாம் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். அவரிடம் கேட்டால் ஆகாதா என்று நான் கேட்டேன்.

“கேட்டேன்டி. வாஷர்னா என்ன, அது எப்படி வந்துச்சுன்னு ஆரம்பிச்சாரு. அடுப்புல பால் பொங்கி வழிஞ்சு, நான் துடைச்சு முடிச்சுத் திரும்பி வர்றேன், இன்னும் முன்னுரைதான் ஓடுது.”

அக்கா மன்றத்தில் கேட்டார். தாடி நாலே வரியில் பதில் போட்டார். மாமனாரின் பெட்டியிலிருந்தே ஸ்பேனரை எடுத்து அக்கா குழாயைச் சரிசெய்துவிட்டார். அன்றைக்கு மருத்துவமனையில் வாய் திறந்து படுத்திருந்தவர்களிடம்கூட, அவர்கள் பதில் சொல்ல முடியாது என்ற தைரியத்தில், அந்தக் குழாயைப் பற்றியே பேசினார்.

மாமனாருக்கு ரோஷம் வந்துவிட்டது. “அப்படி என்னதான் இருக்கு அந்த மன்றத்துல?” என்று அடுத்த வாரமே சேர்ந்தார். ‘வாஷர்’ என்று பெயர் வைத்துக்கொண்டு ஒரு திரி ஆரம்பித்தார். ‘குழாய் வாஷர் மாற்றுதல்: முழுமையான கையேடு.’ ஒற்றை விரலால் தட்டித் தட்டி நாற்பது பாகம் எழுதினார். படங்களும் உண்டு. எல்லாப் படத்திலும் குழாயைவிட அவருடைய கட்டைவிரல்தான் தெளிவாகத் தெரியும். இதற்கிடையில் அவர்கள் வீட்டுக் குளியலறைக் குழாய் சொட்ட ஆரம்பித்திருந்தது. அக்காவின் மாமியார் வாளியை அதன் அடியில் நகர்த்தி வைத்துவிட்டு, “ஊருக்கெல்லாம் குறி சொல்லுமாம் பல்லி, தான் போய் விழுமாம் கழுநீர்ப் பானையில” என்று பொதுவாகச் சுவரைப் பார்த்துச் சொன்னாராம்.

அக்கா சண்டைக்குப் போகாமல் எல்லாத் திரியையும் படிக்கிற ஆள் என்பதைத் தாடி கவனித்து வைத்திருந்தார். மன்றத்தின் நிர்வாகப் பொறுப்பில் ஒரு பகுதியை அக்காவிடம் கொடுத்தார். அதில் முக்கியமானது பின் செய்வது. சாதாரணத் திரி யாராவது புதிதாக எழுதினால் மேலே ஏறும், இல்லாவிட்டால் மெல்லக் கீழே போய்விடும். பின் செய்த திரி அப்படி இல்லை. யார் எழுதினாலும் எழுதாவிட்டாலும் முதல் வரிசையில் அசையாமல் உட்கார்ந்திருக்கும்.

அந்த முதல் வரிசை அக்காவின் கைக்கு வந்தபோது ஏற்கெனவே நிரம்பி வழிந்தது. தாடிக்கு யாரிடமும் இல்லை என்று சொல்ல வராது. “அண்ணே, என் திரியைக் கொஞ்சம் பின் பண்ணுங்க” என்று யார் கேட்டாலும், “பின் பண்றதுக்குக் காசா பணமா?” என்று பின் செய்துவிடுவார். பெயின்ட் அண்ணனின் ‘எந்த அறைக்கு எந்த நிறம்’ மேலே இருந்தது. தாடியின் சொந்த அனுபவங்கள் மேலே இருந்தன. வாஷர் மாமாவின் நாற்பது பாகமும் மேலேதான். எல்லாவற்றுக்கும் மேலே, பூங்கொத்துப் படத்தோடு, மன்றத்தின் ஏழாம் ஆண்டு வாழ்த்து. எட்டாம் ஆண்டும் ஒன்பதாம் ஆண்டும் வந்துபோன பிறகும் அது இருந்தது. சுமார் முப்பது திரிகள். கைபேசியில் பார்த்தால் விரல் வலிக்கத் தள்ளிய பிறகுதான் இன்றைக்கு வந்த கேள்வி கண்ணில் படும்.

அக்காவும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்.

ஒரு காலை நேரம். முன்னறையில் கால் வைக்க இடமில்லை. அந்த நேரத்தில் மன்றத்தில் ‘புதுவீடு’ என்ற பெயரில் ஒரு பெண் எழுதினாள். வீட்டுக்கு வந்து சில நாள்தான் ஆகிறது, கணவன் வேலைக்குப் போய்விட்டான், பிளம்பர் போனை எடுக்கவில்லை, கழிவறைக் குழாய் உடைந்து தண்ணீர் பீறிட்டு அடிக்கிறது, யாராவது சொல்லுங்கள். அவ்வளவுதான். யாரும் பார்க்கவில்லை. முப்பது திரிக்குக் கீழே அது முப்பத்தொன்றாவது.

சாப்பாட்டு நேரத்தில் அக்கா பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது. தண்ணீர் கூடத்துக்குப் போய், கீழ்வீட்டுக் கூரையிலும் ஒழுகி, கீழ்வீட்டுக்காரர் ஓடிவந்து மாடியில் தொட்டி வால்வை மூடியிருக்கிறார். அவள் இரண்டாவதாக ஒரு பதிவு போட்டிருந்தாள். கோபமே இல்லை அதில்.

“பரவாயில்லைங்க, நின்னுடுச்சு. மேல நிறையத் திரி இருந்துச்சு. எதைத் திறக்கிறதுன்னு எனக்குத் தெரியல. முதல்ல இருந்ததைத் திறந்தேன். அது ஏழாம் ஆண்டு வாழ்த்து.”

அக்கா டப்பாவை மூடிவிட்டார். “திட்டியிருந்தாக்கூடத் தேவலைடி” என்றார்.

அங்கிருந்தே தாடிக்குப் போன் போட்டார். ஒலிபெருக்கியில் நானும் கேட்டேன்.

“அண்ணே, மேல இருக்கிற பின்னை எல்லாம் கழட்டப் போறேன்.”

“எல்லாத்தையுமா? ஒவ்வொருத்தருக்கும் நான் வாக்குக் குடுத்திருக்கேனேம்மா.”

“வாக்கு குடுத்தது நீங்க. கழட்டுறது நான். உங்க வாக்கு பத்திரமாத்தான் இருக்கும்.”

மறுமுனையில் தாடியை நீவிக்கொண்டிருப்பார் போல. “சரி. நீ சொல்றது நியாயம்தான். செய்யி. ஆனா நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாத.”

அக்கா வேலையை ஆரம்பித்தார். ஒவ்வொரு திரியாகத் திறந்து, நோயாளியைப் பார்ப்பதுபோல மேலும் கீழும் பார்த்து, “பல்வலியா, பல் சுத்தமா?” என்று தனக்குத்தானே கேட்டுக்கொள்வார். பல் சுத்தம் என்றால் பின்னைக் கழற்றிவிடுவார். திரி அழிந்துபோகாது; தன் இடத்துக்குக் கீழே இறங்கிப் போகும், அவ்வளவுதான். வாழ்த்து போயிற்று. பெயின்ட் அண்ணன் போனார். தாடியின் அனுபவங்களும் போயின. அடுத்த திரியில் ஒரு கட்டைவிரல் தெரிந்தது.

“அக்கா, இது உங்க மாமனாரோடது.”

“தெரியுது.”

“சாயங்காலம் வீட்டுக்குப் போகணுமே.”

“போகத்தான் வேணும்” என்று சொல்லிக் கழற்றிவிட்டார்.

கடைசியில் மேலே இருந்தவை மூன்றுதான். விதிகள் ஒன்று. கேள்வி கேட்பது எப்படி என்று ஒன்று. எல்லாவற்றுக்கும் மேலே அக்காவே புதிதாக எழுதியது: ‘அவசரமா? முதலில் மூடுங்கள்.’ தண்ணீர் என்றால் எந்த வால்வு, மின்சாரம் என்றால் எந்த சுவிட்ச், எரிவாயு என்றால் எந்தக் குமிழ். ஒவ்வொன்றுக்கும் ஒரு படம். படத்தில் விரல் கிடையாது.

அன்று சாயங்காலம் அக்கா வீட்டுக்குள் நுழைந்தபோது மாமனாரின் அறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளேயிருந்து டொக்... டொக்... டொக் என்று ஒற்றை விரல் சத்தம். அக்காவுக்குப் புரிந்துவிட்டது. கைகால் கழுவி உட்காருவதற்குள் கைபேசியில் வந்து விழுந்தது.

“மதிப்பிற்குரிய நிர்வாகி அவர்களுக்கு, வணக்கம். எனது கையேடு எவ்வித முன்னறிவிப்புமின்றி மேல் வரிசையிலிருந்து அகற்றப்பட்டதை மிகுந்த வேதனையுடன் தங்கள் கவனத்திற்குக் கொண்டுவருகிறேன்.”

அக்காவும் விடவில்லை. “மதிப்பிற்குரிய உறுப்பினர் அவர்களுக்கு, வணக்கம். தங்கள் கையேடு மன்றத்தில் பத்திரமாகவே உள்ளது. தேடினால் கிடைக்கும்.” இரண்டு அறைக்கும் நடுவே ஒரு செங்கல் சுவர்தான். மறுபடியும் டொக், டொக்.

கூடத்தில் உட்கார்ந்திருந்த மாமியார் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். “ரெண்டு பேரு வாய்லயும் பூட்டா போட்டிருக்கு?”

அக்காவின் கணவர் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். நாள் முழுக்கப் பிள்ளைகளின் கூச்சலைக் கேட்டுவிட்டு வீட்டிலாவது அமைதியாக இருக்கலாம் என்று வருவார். அன்று வீடு அமைதியாகத்தான் இருந்தது. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. சாப்பிடும்போது அப்பாவைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். “யாராவது கொஞ்சம் உப்பு எடுங்களேன்” என்றார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் உப்பை நீட்டினார்கள். எதை வாங்குவது? “மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடின்னு சும்மாவா சொன்னாங்க” என்று உப்பில்லாமலே சாப்பிட்டு எழுந்துவிட்டார்.

மன்றத்தில் புயல் அதைவிடப் பெரிது. பெயின்ட் அண்ணன் ஒரு புதிய திரி தொடங்கினார். ‘பின் கழற்றப்பட்டோர் சங்கம்.’ யார் இந்த டோக்கன், இவருக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்று ஆளாளுக்கு எழுதினார்கள். தாடி மட்டும் ஊரில் இல்லாத மாதிரி இருந்துவிட்டார். சங்கத்துக்கு ஒருமனதாகத் தலைவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். வாஷர் மாமாதான். முதல் தீர்மானம்: ‘இந்தத் திரியை உடனடியாகப் பின் செய்யும்படி நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்கிறோம்.’

அதைப் படித்தபோது நானும் அக்காவும் சிரித்த சிரிப்பில் டாக்டர் வந்து எட்டிப் பார்த்தார்.

“ஒண்ணு கவனிச்சியா?” என்றார் அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. “அந்த முப்பது திரியில முக்காவாசியில ரெண்டு வருஷமா ஒரு ஈ காக்கா எழுதல. இந்தச் சங்கத்துல ரெண்டு நாள்ல எவ்வளவு பேர் எழுதியிருக்காங்க பாரு. பின் இல்லாமலே மேலயே நிக்குது.”

ஆனால் எல்லாம் அவர் நினைத்தபடி சரியாகவும் இல்லை. அடுத்த வாரம் ‘குட்டி ஸ்க்ரூ’ என்ற உறுப்பினரிடமிருந்து தனியாக ஒரு செய்தி வந்தது. முப்பதில் ‘இன்றைக்கு என்ன சரிசெய்தீர்கள்?’ என்று ஒன்று இருந்தது. பட்டன் தைத்தேன், கடிகாரத்துக்கு பேட்டரி போட்டேன் என்று சிலர் தினம் ஒரு வரி எழுதுவார்கள். கேள்வியும் இல்லை, பதிலும் இல்லை, வெறும் அரட்டை என்று அக்கா அதையும் கழற்றியிருந்தார். குட்டி ஸ்க்ரூ எழுதியிருந்தது இதுதான்:

“வீட்டுக்காரர் படுத்த படுக்கையா இருக்காருங்க. நான் வெளியே போறதே இல்ல. தினமும் அந்தத் திரியில ஒரு வரி எழுதிட்டு, மத்தவங்க எழுதினதைப் படிப்பேன். எனக்குத் தேடல்லாம் தெரியாது. மேல இருக்கும், தொடுவேன், திறக்கும். இப்ப காணோம். மூடிட்டீங்களா?”

அக்கா அதை என்னிடம் நீட்டினார்.

“இதை நான் பாக்கவே இல்ல, பாரேன்” என்றார். “பல்வலியா சுத்தமான்னு ரெண்டே கேள்விதான் கேட்டேன். மூணாவதா ஒண்ணு இருக்குன்னு தோணவே இல்ல.”

எங்கள் மருத்துவமனைக்கு வாரம் ஒருமுறை ஒருவர் வருவார். பல்லில் ஒரு குறையும் கிடையாது. விசிறிக்கு அடியில் உட்கார்ந்து நாளிதழைப் படித்துவிட்டு, வந்திருப்பவர்களிடம் நாலு வார்த்தை பேசிவிட்டுப் போவார். நான் அவரை ஞாபகப்படுத்தினேன்.

“ஆமாம்டி” என்றார் அக்கா. “அவருக்கு டோக்கன் குடுத்ததில்ல. ஆனா நாற்காலி இல்லேன்னு சொன்னதும் இல்லையே.”

உடனே அந்தத் திரியைப் பின் செய்தார். சத்தமில்லாமல் செய்திருக்கலாம். அக்காவுக்கு அது வராது. ‘இதைக் கழற்றியது என் தவறு’ என்று மன்றத்திலேயே எழுதிவிட்டார்.

போதாதா சங்கத்துக்கு? அப்படியானால் எங்களுடையதைக் கழற்றியதும் தவறுதானே என்று கிளம்பிவிட்டார்கள். “ஒரு கண்ணுல வெண்ணெய், ஒரு கண்ணுல சுண்ணாம்பா?” என்று கேட்டார் பெயின்ட் அண்ணன். “சுண்ணாம்பைப் பத்தி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்” என்று அடுத்த வரியையும் அவரே எழுதினார்.

ஆச்சரியம் என்னவென்றால், சங்கத் தலைவர் மட்டும் வாயே திறக்கவில்லை. ஒருநாள் இல்லை, இரண்டு நாள் இல்லை, அந்த வாரம் முழுக்க. பக்கத்து அறையிலிருந்து டொக் டொக் சத்தமும் நின்றுபோயிற்று. அக்காவுக்கு அதுதான் உறுத்தியது. உடம்புக்கு ஏதாவது என்று மாமியாரிடம் கேட்டார். “உடம்புக்கு ஒண்ணுமில்ல. மூஞ்சிதான் சரியில்ல” என்றார் மாமியார்.

ஒரு விடுமுறை நாள் காலையில் அக்கா காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது மாமனார் சமையலறைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். சமையலறைக்கு வருகிற ஆளில்லை அவர்.

“ஏம்மா, அந்தப் புதுவீட்டுப் பொண்ணு முதல்ல எதைத் திறந்தான்னு எழுதியிருந்தா?”

“வாழ்த்துத் திரி, மாமா.”

“ரெண்டாவது எதைத் திறந்தான்னு தெரியுமா?”

அக்கா கத்தியை வைத்துவிட்டுத் திரும்பினார்.

“என்னோடதைத்தான். நானே அவளுக்குத் தனியா எழுதிக் கேட்டேன். நம்ம கையேட்டைப் படிச்சிருந்தா இப்படி ஆகியிருக்காதேன்னு, எடுத்துக்காட்டுறதுக்காகத்தான் கேட்டேன். அவ சொல்றா, படிச்சேன் சார், குழாய்னு பேரு இருந்துச்சு, அதனால அதைத்தான் அடுத்தது திறந்தேன், மூணு பாகம் படிச்சேன்னு. கணுக்கால் வரைக்கும் தண்ணியில நின்னுக்கிட்டுப் படிச்சிருக்காம்மா.” அவர் தலையைக் குனிந்து கையைப் பார்த்துக்கொண்டார். “மூணாவது பாகத்துல நான் இன்னும் வாஷருக்குப் பால் குடுக்கிற ரப்பர் மரத்துலதான் இருக்கேன்.”

அக்காவுக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. எதை வெளியே காட்டுவது என்று தெரியவில்லை. மாமனாரே முதலில் சிரித்தார். மெல்ல ஆரம்பித்து, தோள் குலுங்க, இருமல் வரும்வரை சிரித்தார். அக்காவும் சேர்ந்துகொண்டார். சத்தம் கேட்டு மாமியார் வந்து எட்டிப் பார்த்து, “பூட்டு திறந்துடுச்சு போல” என்று சொல்லிவிட்டுப் போனார்.

“வால்வை மூடுன்னு எத்தனாவது பாகத்துல மாமா சொல்றீங்க?”

“இருபத்தாறு.”

மறுபடியும் ஒரு பாட்டம் சிரிப்பு.

அது அடங்கிய பிறகு அக்கா தன் மனதில் இருந்ததைச் சொன்னார். எல்லாருடைய விளக்கங்களும் வேண்டும்தான். யாரும் வீணாக எழுதவில்லை. எல்லாவற்றையும் ஒரே ஒரு திரியில் வரிசைப்படுத்தி வைத்தால் அந்த ஒன்றை மட்டும் பின் செய்துவிடலாம். ஒரே ஒரு நிபந்தனை, ஒவ்வொரு விளக்கமும் ஒரு பக்கத்துக்குள் அடங்க வேண்டும்.

“அதுக்கு உக்காந்து எல்லாத்தையும் படிச்சு, எழுதினவங்களைக் குறைக்க வைக்கணும். பிடிவாதமான ஆள் வேணும் மாமா. எனக்கு நேரமில்ல.”

“யாரை மனசுல வெச்சிருக்க?”

“சங்கத் தலைவரைத்தான்.”

மாமனார் ஸ்டூலிலிருந்து எழுந்து சட்டையை நீவிவிட்டுக்கொண்டார். “நிர்வாகி அவர்கள் எழுத்து மூலமா கேட்டா பரிசீலிக்கலாம்.”

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு போய், ‘மதிப்பிற்குரிய உறுப்பினர் அவர்களுக்கு’ என்று எழுதி அனுப்பினார். சுவருக்கு அந்தப் பக்கம் டொக் டொக் கேட்க ஆரம்பித்தது. பரிசீலனை முடிய வெகுநேரம் ஆகவில்லை.

முதலில் அவர் தன் கையேட்டில்தான் கைவைத்தார். நாற்பது பாகத்தை ஒரு பக்கமாக்குவது என்றால் சும்மா இல்லை. ரப்பர் மரத்தை வெட்ட அவருக்கு ஒரு வாரம் ஆயிற்று. அதற்குப் பிறகும் வேர்போல ஒரு வரி ஒட்டிக்கொண்டிருந்தது, அதையும் எடுத்தார். முடித்துவிட்டு மாமியாரை உட்காரவைத்துப் படித்துக் காட்டினார். மாமியார் கேட்டுவிட்டு எழுந்துபோய் ஸ்பேனரை எடுத்து, குளியலறைக் குழாயைத் தானே சரிசெய்துவிட்டு வந்தார். “இதை முதல்லயே சொல்லியிருந்தா இத்தனை வாளி தண்ணி வீணாயிருக்காதே” என்றார். இத்தனை வருடப் பாடத்தில் தனக்குக் கிடைத்த பெரிய பாராட்டு அதுதான் என்று அவர் இன்னும் சொல்கிறார்.

அதற்குப் பிறகு அவர் மற்றவர்கள் பக்கம் திரும்பினார். அப்போதுதான் மன்றத்துக்கு அக்காவின் அருமை தெரிந்தது. “மூன்றாம் பத்தியில் தாங்கள் சொல்ல வருவது என்ன?” “இந்த வாக்கியத்தில் எழுவாய் எங்கே?” “படத்தில் தெரிவது சுவரா, மேகமா?” என்று எல்லாத் திரியையும் திருப்பித் திருப்பி அனுப்பினார். பெயின்ட் அண்ணனின் ‘எந்த அறைக்கு எந்த நிறம்’ நாலு முறை திரும்பிப் போயிற்று. அவர் அக்காவுக்கு ரகசியமாக எழுதினார்: “மேடம், உங்களுக்குப் புண்ணியமாப் போகும். நீங்களே வந்துடுங்க.” தாடியின் அனுபவங்களும் தப்பவில்லை. “என் மன்றத்துல என் திரியவே வேண்டாங்கிறாரும்மா உன் மாமனார்” என்று தாடி போனில் புலம்பினார். அவர் சொல்வது சரிதான் என்று அக்கா சொன்னார். “சரிதான்னு எனக்கும் தெரியுது. அதான் அழுகை வருது” என்றார் தாடி.

இப்போது மேல் வரிசையில் ஐந்தே திரிகள். அவசரம், விதிகள், கேள்வி கேட்கும் முறை, விளக்கங்களின் தொகுப்பு, அப்புறம் ‘இன்றைக்கு என்ன சரிசெய்தீர்கள்?’ குட்டி ஸ்க்ரூ அங்கே தினம் வருகிறார். போன வாரம் ஜன்னல் கொக்கியைச் சரிசெய்ததாகவும், வீட்டுக்காரர் படுத்தபடியே வெளியே மரத்தைப் பார்ப்பதாகவும் எழுதியிருந்தார். அதற்குக் கீழே இருபது பேர் ஏதாவது ஒன்று எழுதியிருந்தார்கள். நானும் எழுதினேன்.

ஒருநாள் பிளக்கிலிருந்து தீப்பொறி வருகிறது என்று யாரோ பதறி எழுதினார்கள். அக்கா கைபேசியை எடுப்பதற்குள்ளேயே பதில் வந்திருந்தது. “மேல முதல் திரியைத் திறங்க. மெயினை அணைங்க. அணைச்சாச்சா? இப்ப உக்காந்து பேசலாம்.” எழுதியது புதுவீடு. அக்கா அதை முன்னறையிலிருந்து ஓடிவந்து எனக்குக் காட்டினார். நான் உறிஞ்சு குழாயோடு நின்றுகொண்டிருந்ததால் கைதட்ட முடியவில்லை, படுத்திருந்தவர் தட்டினார்.

பெயின்ட் அண்ணனின் திரி ஐந்தாவது முறை தேறிவிட்டது. அந்தச் சந்தோஷத்தில், வாஷர் ஐயா வீட்டுக் கூடத்துக்குத் தன் கையாலேயே வண்ணம் அடித்துத் தருவதாகச் சொல்லி, ஒரு ஞாயிற்றுக்கிழமை டப்பாக்களோடு நேரிலேயே வந்து இறங்கினார். எழுத்தில் அவ்வளவு சத்தம் போடும் மனிதர் நேரில் வாய்க்குள்ளேயே பேசுகிற ஒல்லியான ஆள் என்று அக்கா சொன்னார். ஆனால் நிறம் என்று வந்தவுடன் அவர் குரல் உயர்ந்ததாம். மாமனார் வெளிர்நீலம் என்றார். அண்ணன், கிழக்கு வெயில் விழுகிற சுவருக்கு அது ஆகாது, என் திரியை நீங்கள் சரியாகப் படிக்கவில்லை என்றார். “அஞ்சு தடவை படிச்சேன்யா!” என்று மாமனார் கத்தினார்.

அக்காவும் அவர் கணவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். செருப்பை மாட்டிக்கொண்டு சத்தமில்லாமல் சினிமாவுக்குப் போய்விட்டார்கள்.

திரும்பி வந்தபோது சுவரில் நாலு நிறத்தில் நாலு பட்டைகள் இருந்தன. இரண்டு ஆண்களும் தரையில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். மாமியார் நடுக்கூடத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, ஐந்தாவதாக ஒரு நிறத்தைத் தேர்ந்தெடுத்திருந்தார்.